சாலையின் சரித்திரம் – 17: கொதிநீர் மூடியில் ஒரு நட்சத்திரம்

சென்ற வாரம், எஞ்சின் காரின் முன்பக்கத்துக்கு வந்து சேர்ந்த கதையைப் பார்த்தோம். பிரான்சின் பன்ஹார் நிறுவனம் 1891இல் செய்த அந்த மாற்றம், குதிரை நின்ற இடத்தில் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தது. குதிரைக்கு முகம் இருந்தது. எஞ்சினுக்கு அப்போது முகம் கிடையாது. காருக்கு முகம் எப்படி வந்தது, அதன்மேல் கம்பெனியின் சின்னம் எப்படி ஏறியது, பிறகு அந்தச் சின்னமே முகத்தின் வடிவத்தை எப்படி ஆளத் தொடங்கியது என்பது இந்த வாரக் கதை.

நம் ஊரில் தெருமுனையில் நிற்கும் சிறுவன்கூட நூறடி தொலைவிலேயே "பென்ஸ் கார் வருது" என்று சொல்லிவிடுவான். பெயரைப் படித்து அவன் சொல்வதில்லை. வளையத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம், அதைத் தாங்கும் கிரில், இவற்றைக் கண்டதும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த நட்சத்திரம் பென்ஸின் வீட்டுச் சொத்தே அல்ல. அது அவருடைய போட்டியாளர் டைம்லரின் வீட்டிலிருந்து வந்தது. அந்தக் கிரிலும் அங்கிருந்துதான் வந்தது. இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்று அறிய, நாம் ஒரு மலைச்சாலைக்குப் போக வேண்டும்.

லா துர்பி ஏற்றம்

பிரான்சின் தெற்குக் கரையில் இருக்கிறது நீஸ் நகரம். அங்கிருந்து லா துர்பி என்ற மலைக் கிராமத்துக்கு ஏறும் சாலையில் ஆண்டுதோறும் கார்ப் பந்தயம் நடக்கும். 1900 மார்ச் 30 அன்று அந்தப் பந்தயத்தில் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் பாவர் விபத்தில் சிக்கினார், உயிர் பிழைக்கவில்லை. உயரமான, நீளம் குறைந்த, முன்பாரம் மிகுந்த வண்டி அது. திருப்பங்களில் அதை அடக்குவது கடினம். நிறுவனர் காட்லீப் டைம்லர் இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நீஸில் வாழ்ந்த எமில் யெலினெக் என்ற செல்வந்தர் டைம்லர் கார்களை வாங்கிப் பணக்காரர்களுக்கு விற்று வந்தார். பந்தயங்களில் அவர் தம் மகளின் பெயரான மெர்சிடிஸ் என்பதைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். விபத்துக்குப் பின் அவர் பின்வாங்கவில்லை. தாழ்வான, நீளமான, சக்தி கூடிய புதுக் கார் வேண்டும் என்று கேட்டார். 5,50,000 மார்க் மதிப்பில் 36 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். வண்டிக்குத் தம் மகளின் பெயரையே வைக்க வேண்டும் என்றார்.

பொறுப்பு, டைம்லரின் நெடுநாள் தோழரான பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக்கின் தோளில் விழுந்தது. 35 குதிரைசக்தி எஞ்சினை எப்படிக் குளிரவைப்பது என்பது அவருக்கு முன் இருந்த பெரிய சிக்கல். தொடக்க காலக் கார்களில் எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகிப் போகும். ஓட்டுநர் வழியெங்கும் தண்ணீர் தேட வேண்டும். பிறகு வந்த குழாய் ரேடியேட்டர்கள் நிலைமையைச் சீராக்கினாலும் அவற்றுக்கு நிறையத் தண்ணீர் தேவைப்பட்டது. தண்ணீர் கூடினால் பாரமும் கூடும்.

மைபாக் தேனடையைப் போன்ற ஒரு பலகையைச் செய்தார். 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் அளவுள்ள 8,070 சதுரக் குழாய்களை அடுக்கிப் பற்றவைத்த பலகை அது. குழாய்களுக்குள் காற்று பாயும். அவற்றுக்கு இடையிலுள்ள மெல்லிய இடுக்குகளில் சுடுநீர் இறங்கும். பின்னால் ஒரு விசிறி. பழைய ரேடியேட்டருக்கு 18 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் இதற்கு 9 லிட்டரே போதுமானதாக இருந்தது.

ஒரு கட்டாயம் மட்டும் இருந்தது. காற்று நேராக வந்து மோதும் இடத்தில்தான் இந்தப் பலகை நிற்க வேண்டும். ஆகவே அது காரின் முன்னெல்லையில், செங்குத்தாக, பானெட்டின் முகப்பாக நின்றது. அங்கே அதை வைத்தது எந்தக் கலைஞனின் ரசனையும் அல்ல, வெப்பம். அடுத்த நூறாண்டுக் கார்களின் முகம் அன்றைக்குத் தீர்மானமாகிவிட்டது.

1901 மார்ச்சில் அதே லா துர்பி மலைச்சாலையில் மெர்சிடிஸ் சராசரியாக மணிக்கு 51.4 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி வென்றது. பழைய சாதனை 31.3 கிலோமீட்டர். ஒரு மனிதர் உயிர்விட்ட சாலையில் ஓராண்டுக்குள் இவ்வளவு பெரிய மாற்றம்! ஐரோப்பாவின் மற்ற நிறுவனங்களும் தேனடை ரேடியேட்டரைச் செய்யத் தொடங்கின.

அஞ்சலட்டையில் இருந்த நட்சத்திரம்

எல்லோரும் அதே அமைப்புக்கு மாறியதும் புதுச் சிக்கல் எழுந்தது. எதிரே வரும் கார் யாருடையது என்று தெரியவில்லை. மெர்சிடிஸ் என்ற பெயர் 1902இலேயே பதிவாகிவிட்டது. ஆனால் பெயரை வாசிக்க நேரம் வேண்டும். ஓடும் வண்டிக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

காட்லீப் டைம்லரின் மகன்கள் பாவுலும் அடால்ஃபும் தந்தையின் பழைய அஞ்சலட்டை ஒன்றை நினைவுகூர்ந்தார்கள். 1870களில் கொலோன் அருகே டாய்ட்ஸ் எஞ்சின் தொழிற்சாலையில் தந்தை வேலை பார்த்தபோது, தாம் குடியிருக்கும் வீட்டை ஒரு படத்தில் நட்சத்திரமிட்டுக் காட்டி மனைவிக்கு அனுப்பியிருந்தார். ஒருநாள் அந்த நட்சத்திரம் தம் சொந்தத் தொழிற்சாலையின்மேல் ஒளிரும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. 1909 ஜூனில் நிறுவனம் மூன்று முனை நட்சத்திரத்தையும் நான்கு முனை நட்சத்திரத்தையும் பதிவு செய்தது. மூன்று முனைதான் நிலைத்தது. நிலம், நீர், வானம் மூன்றிலும் டைம்லர் எஞ்சின் ஓடும் என்பது அதன் பொருள். அதே 1909 ஆகஸ்டில் மன்ஹைம் நகரின் பென்ஸ் நிறுவனம் தன் பெயரைச் சுற்றி வாகை இலை மாலையைச் சூட்டிக்கொண்டு தன் சின்னத்தைப் பதிவு செய்தது.

1910 முதல் நட்சத்திரம் ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஏறியது. தேனடையின் நடுவில் சின்னத்தை ஒட்டினால் காற்றுத் துளைகள் அடைபடும், எஞ்சின் சூடாகும். தேனடைக்கு மேலே சுடுநீர் வந்து சேரும் தொட்டியின் உலோகப் பரப்பு வெறுமையாக இருந்தது. அதுவே சின்னத்துக்கு வாய்த்த இடம். பின்னர் ரேடியேட்டரை நடுவில் கூர்மூக்குப் போல மடித்தபோது ஒரு நட்சத்திரம் போதவில்லை. மூக்கின் இருபுறமும் பக்கத்துக்கொன்றாக இரண்டு நட்சத்திரங்கள் வந்தன. முகத்தின் வடிவம் மாறினால் சின்னம் அதற்கேற்ப வளைந்துகொடுத்த காலம் அது.

மூடிக்கு வந்த மரியாதை

தொட்டியின் உச்சியில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு மூடி இருந்தது. ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக நின்ற பொருள் அது ஒன்றுதான். 1912 வாக்கில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற கருவி வந்தது. மூடியின் மேலே திருகி வைக்கும் வெப்பமானி அது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே அதைப் பார்த்து, தண்ணீர் கொதிநிலைக்கு வருகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு முன்பே பலர் மூடியின்மேல் பொம்மைகளை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். விலங்கு, பறவை என ஆளுக்கு ஒன்று.

இந்தப் பொம்மைப் பழக்கம் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்துக்குக் கவலை தந்தது. கிரேக்கக் கோயிலின் முகப்பைப் போல நிமிர்ந்து நின்ற தங்கள் ரேடியேட்டரின் தலையில் ஆளாளுக்கு எதையாவது வைப்பதை அவர்கள் விரும்பவில்லை. நிர்வாக இயக்குநர் கிளாட் ஜான்சன், சிற்பி சார்லஸ் சைக்ஸிடம் பொருத்தமான ஓர் உருவத்தைச் செய்யச் சொன்னார். 1911இல் பிறந்தது காற்றில் ஆடை பறக்க முன்சாய்ந்து நிற்கும் அந்தப் பெண் உருவம். 'பரவசத்தின் ஆவி' என்று பொருள்படும் பெயர் அதற்கு. இன்றும் அது இல்லாத ரோல்ஸ் ராய்ஸைக் கற்பனை செய்ய முடியாது.

டைம்லர் நிறுவனம் 1921இல் நட்சத்திரத்தை ஒரு வளையத்துக்குள் வைத்து, மூடியின்மேல் நிற்கும் வடிவில் செய்தது. முதல் உலகப் போரும் அதன்பின் வந்த பணவீக்கமும் ஜெர்மனியை முறித்துப் போட்டிருந்த காலம். தனித்து நிற்க முடியாமல் 1926 ஜூனில் டைம்லரும் பென்ஸும் இணைந்தன. பென்ஸின் வாகை மாலைக்குள் டைம்லரின் நட்சத்திரம் குடியேறிய வட்டச் சின்னம் முகப்பில் பதிந்தது. மூடியின்மேல் நட்சத்திரம் மட்டும் நின்றது. தமிழில் நாம் பென்ஸ் என்கிறோம். மேற்கே மெர்சிடிஸ் என்கிறார்கள். ஆளுக்குப் பாதிப் பெயர்தான் வாயில் வருகிறது. நட்சத்திரம் மட்டும் இருவருக்கும் பொது.

ஹார்னுக்காக வெட்டிய வைரம்

இதே காலத்தில் பாரிஸுக்கு அருகே பியான்கூரில் ரெனோ நிறுவனம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. ரெனோ கார்களில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுநரின் காலடிக்கு முன்னால் இருந்தது. ஆகவே முன்பக்கத்தில் தேனடை இல்லை. பானெட் முன்னோக்கிச் சரிந்து இறங்கி, மூடிய மூக்காக முடிந்தது. முகமே இல்லாத காரில் சின்னத்தை எங்கே வைப்பது?

விடை ஹார்னிலிருந்து வந்தது. ஹார்ன் பானெட்டுக்குள் இருந்ததால் ஓசை வெளியே வர ஒரு திறப்பு வேண்டியிருந்தது. 1923இல் அந்தத் திறப்பை வட்டமாக வெட்டி, குறுக்குப் பட்டைகளும் ரெனோ என்ற பெயரும் வைத்துச் சின்னமாக்கினார்கள். ஆனால் பானெட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடியது. மடிப்பின் இரு சரிவுகளிலும் வட்டம் சரியாகப் படியவில்லை. நடுக்கோட்டில் மடங்கும் வைர வடிவம் அழகாகப் பொருந்தியது. 1925இல் சின்னம் வைரமானது. இன்றைய ரெனோ காரின் மூக்கில் நாம் பார்க்கும் வைரம், அன்றைய பானெட்டின் மடிப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்த மடிப்பு எப்போதோ போய்விட்டது, வைரம் போகவில்லை. இப்போது வைரத்துக்கு ஏற்றபடி பானெட்டையும் கிரிலையும் வடிவமைக்கிறார்கள்.

சுவீடனின் வோல்வோவிலும் இதுவே நடந்தது. 1927இல் கோத்தன்பர்க்கில் வெளிவந்த முதல் வோல்வோவுக்கு, வட்டத்திலிருந்து அம்பு கிளம்பும் இரும்பின் பழைய குறியைச் சின்னமாகத் தேர்ந்தார்கள். சுவீடனின் இரும்புக்கு உலகெங்கும் நற்பெயர் இருந்தது. அந்தச் சின்னத்தைத் தேனடைக்கு முன்னால் பொருத்தப் பிடிமானம் இல்லை. எனவே ரேடியேட்டரின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக ஓர் உலோகப் பட்டையைப் போட்டு அதில் மாட்டினார்கள். பாரம் தாங்க வந்த பட்டை அது. இன்றைக்குச் சின்னத்தை நிறுத்த அந்தப் பட்டை தேவையே இல்லை. ஆனாலும் வோல்வோவின் கிரிலில் அது குறுக்கே ஓடுகிறது. அதை எடுத்துவிட்டால் முகம் வோல்வோவாக இருக்காது.

ரேடியேட்டர் உள்ளே போனது

1930களில் கார்களின் வேகம் கூடியது. செங்குத்தான பலகை காற்றைக் கிழிக்கத் தடையாக இருந்தது. ரேடியேட்டர் பானெட்டுக்குள் ஒளிந்துகொண்டது. முன்னால் கம்பிகள் கொண்ட கிரில் வந்தது. ரேடியேட்டரின் மூடியும் காலப்போக்கில் பானெட்டுக்கு அடியில் இறங்கியது. இனி முகம் எந்த வடிவத்திலும் இருக்கலாம். தேனடையின் கட்டளை முடிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் சின்னம் கட்டளையிடத் தொடங்கியது என்பது என் வாசிப்பு. விடுதலை கிடைத்த பிறகும் நிறுவனங்கள் பழைய முகத்தை விட்டு விலகவில்லை. பிஎம்டபிள்யூ 1933இல் தன் 303 காரில் கிரிலை இரண்டாகப் பிளந்து சிறுநீரக வடிவில் வைத்தது; நீல வெள்ளை வட்டச் சின்னம் அந்த இரண்டுக்கும் மேலே, நடுவில் அமர்ந்தது. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பொருத்தப்படும் பிஎம்டபிள்யூ கார்களிலும் அந்த அமைப்புதான் தொடர்கிறது.

மெர்சிடிஸின் நிலை இன்னும் தெளிவானது. நின்றுகொண்டிருக்கும் நட்சத்திரத்துக்கு மேடை வேண்டும். மேடை என்றால் உயர்ந்த, நிமிர்ந்த, பளபளக்கும் சட்டம் வேண்டும். 1953இல் மெர்சிடிஸ் தன் புதிய செடானில் தனித்தனி மட்கார்டுகளைக் கைவிட்டு, உடல் முழுவதையும் ஒரே பெட்டியாக நவீனமாக்கியது. ஆனால் முகத்தில் பழைய ரேடியேட்டரின் சட்டத்தை நிமிர்த்தியே வைத்தது. உள்ளே தண்ணீர் இல்லாத ரேடியேட்டர் அது, நட்சத்திரத்தின் பீடம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1954 பிப்ரவரியில், நியூயார்க்கில் 300 எஸ்எல் அறிமுகமானது. சிறகு போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகளால் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். பானெட்டைத் தாழ்த்துவதற்காக எஞ்சினையே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நிமிர்ந்த சட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. வடிவமைப்பாளர்கள் நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அகன்ற வாயின் நடுவில், கிடைக்கோட்டுப் பட்டை ஒன்றின் மேல் பதித்தார்கள்.

அன்றிலிருந்து மெர்சிடிஸுக்கு இரண்டு முகங்கள். நிற்கும் நட்சத்திரம் என்றால் குடும்பத்துக்கும் அலுவலுக்குமான செடான். கிரிலுக்குள் பதிந்த நட்சத்திரம் என்றால் வேகக் கார். அரை நூற்றாண்டு இந்தப் பிரிவு நீடித்தது. 2007இல் வந்த சி கிளாஸ் செடானில் வாங்குபவர் எந்த நட்சத்திரம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். நிற்கும் நட்சத்திரத்தைக் கேட்டால் மரபான கிரில் வரும். பதிந்த நட்சத்திரத்தைக் கேட்டால் அகன்ற பட்டைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் பாணிக் கிரில் வரும். ஒரே கார், ஒரே உடல். சின்னம் இடம் மாறியதும் முகபாவமே மாறிவிட்டது.

சட்டத்தின் கை

நிற்கும் சின்னம் குறைந்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை. காரில் அடிபடும் பாதசாரியின் உடலில் கூரிய உலோகச் சிலை என்ன செய்யும் என்பதை நினைத்துப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1974இல் காரின் வெளிப்புறத்தில் துருத்தும் பாகங்களுக்கு விதி வகுத்தது. 10 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தும் அலங்காரம் எதுவானாலும், சுமார் 10 கிலோ எடைக்கு ஈடான விசை பட்டால் உள்ளே போக வேண்டும், அல்லது கழன்றுவிட வேண்டும், அல்லது மடங்க வேண்டும்.

மெர்சிடிஸ் நட்சத்திரம் தள்ளினால் சாய்ந்துகொடுக்கிறது. ரோல்ஸ் ராய்ஸின் பெண் உருவம் தட்டுப்பட்டதும் கிரிலுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. பாய்ந்து நிற்கும் ஜாகுவார் சிலை பானெட்டிலிருந்து விடைபெற்றது. பிழைத்த சின்னங்கள் பெரும்பாலும் தட்டையாகிக் கிரிலுக்குள் குடிபோயின. தெருவில் நடப்பவரின் உயிருக்காக ஒரு சின்னம் தலைவணங்கியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

சின்னத்துக்குக் கண் திறந்தது

1990களின் இறுதியில் மெர்சிடிஸின் எஸ் கிளாஸில் புதிய வசதி வந்தது. முன்னால் போகும் காரின் தூரத்தை ரேடாரால் அளந்து, வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. இத்தகைய ரேடாருக்கு மிகப் பொருத்தமான இடம் எது? காரின் முன்னெல்லை, நடுக்கோடு, தடையில்லாத பார்வை. அதாவது கிரிலின் மையம். நூறாண்டுகளுக்கு முன் தேனடை நின்ற இடம். இப்போது சின்னம் இருக்கும் இடம்.

ரேடாரைச் சின்னத்துக்குப் பின்னால் வைத்தால் ஒரு சங்கடம். சின்னத்தின் பளபளப்புக்குக் காரணமான குரோம் பூச்சு ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். பொறியாளர்கள் இண்டியம் என்ற உலோகத்தைப் பயன்படுத்தினார்கள். அதை மிக மெல்லிய படலமாகப் பிளாஸ்டிக்கின்மேல் படியவைத்தால், அது தொடர்ச்சியான தகடாகாமல் ஒன்றையொன்று தொடாத நுண்ணிய தீவுகளாக அமையும். ஒளி அதில் பட்டுத் திரும்பும். கண்ணுக்கு வெள்ளி போல மின்னும். ரேடார் அலை மட்டும் ஊடுருவிச் சென்று திரும்பும்.

அத்துடன் முடியவில்லை. 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். சின்னத்தின் தடிமன் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் அலை திசை மாறும், கணக்கு தவறும். ஆகவே மேடுபள்ளமான நட்சத்திரத்துக்கு முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கும் பின்னால் கறுப்புப் பிளாஸ்டிக்கும் நிரப்பி, முழுத் தகட்டையும் ஒரே சீரான தடிமனில் செய்கிறார்கள். வேறு பல நிறுவனங்களின் கார்களிலும் கிரிலின் நடுச்சின்னம் இப்போது வழவழப்பான பெரிய வட்டாகத் தெரிவதற்கு இதுவே காரணம். இத்தகைய காரில் சின்னம் உடைந்தால் கடையில் கிடைக்கும் குரோம் சின்னம் எதையும் வாங்கி மாட்டக் கூடாது. மாட்டினால் கார் பார்வை இழக்கும்.

இப்போது மின்சாரக் கார்களின் முறை. அவற்றுக்குப் பழைய அளவு குளிர்ச்சி தேவையில்லை. பெரிய கிரிலும் தேவையில்லை. 2012இல் வந்த டெஸ்லாவின் மாடல் எஸ், காற்றே புகாத கறுப்பு வாய் ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டது. 2016இல் அதை எடுத்துவிட்டு வழவழப்பான முகத்தில் சின்னத்தை மட்டும் விட்டது. மெர்சிடிஸால் அப்படிச் செய்ய முடியவில்லை. 2021இல் வந்த இக்யூஎஸ் காரில் கிரில் இருந்த பரப்பை மூடிய கறுப்புப் பலகையாக்கி, நடுவில் நட்சத்திரத்தைப் பெரிதாக வைத்தது. நட்சத்திரம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு முகம் இருந்தே ஆக வேண்டும் என்பதுபோல.

மைபாக்கின் தேனடை போயிற்று. கொதிநீர்த் தொட்டி போயிற்று. மூடியும் போயிற்று. மூடியின்மேல் நின்றது மட்டும் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கிறதா என்று ஓட்டுநர் உற்றுப் பார்த்த அதே நடுக்கோட்டில், இன்று காரே சாலையை உற்றுப் பார்க்கிறது. காட்லீப் டைம்லர் தாம் இருக்கும் வீட்டை மனைவிக்குக் காட்ட ஒரு படத்தில் இட்ட குறி, எதிரே வருபவர் இருக்கும் இடத்தைக் கண்டறியும் கருவிக்கு முகமாக நிற்கிறது.

முகம் ஆயிற்று, அடுத்து கண்கள். எண்ணெய் விளக்கையும் கார்பைடு விளக்கையும் மாட்டிக்கொண்டு இருட்டில் புறப்பட்ட கார்கள், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காமல் தொலைவைக் காண எப்படிக் கற்றுக்கொண்டன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)